ஸ்போர்ட்ஸ் காரின் பின்பக்கம் மட்டும் ஏன் இவ்வளவு அழுக்காகிறது?

வளைவுப்பாதை (கேள்வி)

மழை விட்ட பிறகு, ஈரம் காயாத நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் ஓட்டினாலே பின் பம்பர், நம்பர் பிளேட், டெயில் லைட் எல்லாவற்றிலும் பழுப்புப் படலம் படிந்துவிடுகிறது. பானெட்டும் கதவின் மேல்பாதியும் ஏறக்குறைய சுத்தம். வண்டி இரண்டு கதவு ஃபாஸ்ட்பேக் (கூரை பின்முனை வரை சரிவாக இறங்கும் வகை), பின்சக்கர டிரைவ், பின்னால் 295 மி.மீ. டயர்.

இந்த அழுக்கு எங்கிருந்து வருகிறது? சொந்த டயரா, சைலன்சர் புகையா, முன்னால் போகும் வண்டியா? பின்கண்ணாடி தப்பித்து, அதற்குக் கீழே மட்டும் ஏன் படிகிறது? குறைக்க ஏதாவது செய்ய முடியுமா?

காற்றுச்சுரங்கம்

பெரும்பகுதி உங்கள் டயரே கிளப்புவதுதான். முன்னால் போகும் வண்டி வீசுவது உங்கள் முன்கண்ணாடியிலும் பம்பரிலும்தான் விழும். பின்பக்கத்தில் படிவதைச் சொந்தச் சக்கரம் தூக்குகிறது, காற்று கொண்டுவந்து ஒட்டுகிறது.

வண்டி முன்னேறும்போது கூரை, பக்கவாட்டு, அடிப்பகுதி என எல்லாப் பக்கமும் ஓடும் காற்று, பின்விளிம்பில் திடீரென்று திரும்ப முடியாமல் உடலை விட்டுப் பிரிகிறது. பிரிந்த இடத்துக்குப் பின்னால் அழுத்தம் குறைந்த சுழல் பகுதி உண்டாகிறது. அங்கே காற்று வண்டியை விட்டு விலகிப் போவதில்லை, திரும்பி வந்து பின்பலகையில் மோதுகிறது. மேலிருந்து ஒரு சுழல் கீழ்நோக்கி உருளும், அடியிலிருந்து ஒன்று மேல்நோக்கி உருளும். கீழ்ச்சுழல் கிளம்பும் இடத்தில்தான் பின்டயர்கள் தண்ணீரையும் தூசியையும் வாரி இறைத்துக்கொண்டிருக்கின்றன.

"பின்னால் வெற்றிடம், அது உறிஞ்சுகிறது" என்று பலர் சொல்வார்கள். வெற்றிடமெல்லாம் இல்லை. 100 கி.மீ. வேகத்தில் காற்றின் இயக்க அழுத்தம், அதாவது எதிர்க்காற்று மோதித் தரும் அழுத்தம், சுமார் 460 பாஸ்கல். பின்பலகையில் அழுத்தம் வெளியை விட அதில் பத்து, இருபது சதவீதம் அளவுக்குக் குறைந்திருக்கும், அதாவது 50 முதல் 90 பாஸ்கல். வளிமண்டல அழுத்தத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட வராது. ஆனால் காற்று லேசான பொருள், அதைத் திருப்பிவிட இது தாராளம். வேகத்தின் வர்க்கத்தோடு இது கூடும் என்பதால் 50 கி.மீ. வேகத்தில் கால் பங்குதான் இருக்கும்.

எல்லாத் துளியும் திரும்பி வராது. பெரிய துளி கனமானது, காற்று திரும்பினாலும் அது நேராகப் போய்ச் சாலையில் விழும். திரும்பி வருவது பனிமூட்டம் போன்ற நுண்துளியும் மென்தூசியும்தான். அதனால்தான் பின்பலகையில் திட்டுத்திட்டாகச் சேறு இல்லாமல் சீரான படலமாக இருக்கிறது. தண்ணீர் ஆவியாகிவிடும், மண் நின்றுவிடும்.

பின்கண்ணாடி தப்பிப்பது சரிவின் கோணத்தால். 1984-இல் வெளியான அகமத் மாதிரி உடல் (காற்றோட்டச் சோதனைக்கான எளிய கார் வடிவம்) ஆய்வில், பின்சரிவு கிடைமட்டத்திலிருந்து சுமார் 30 பாகையைத் தாண்டும்போது காற்று சரிவை விட்டு முழுதாகப் பிரிந்தது. அதற்குக் குறைந்த சரிவில் காற்று பெரும்பாலும் உடலை ஒட்டியே ஓடும். ஃபாஸ்ட்பேக் கண்ணாடி இந்த வகை, அதன் மேல் ஓடுவது கூரையிலிருந்து வரும் சுத்தமான காற்று. சரிவு முடியும் விளிம்பில்தான் பிரிவு, அழுக்கு அதற்குக் கீழே தொடங்கும். கூரை செங்குத்தாக முடியும் ஹேட்ச்பேக்கிலும் எஸ்யூவியிலும் கண்ணாடியே சுழலுக்குள் மாட்டிக்கொள்வதால் பின் வைப்பர் தேவைப்படுகிறது. செடானுக்குப் பெரும்பாலும் தேவைப்படுவதில்லை.

டயர்ப்பட்டை

மேலே சொன்னது சரி. ஸ்போர்ட்ஸ் காரில் இது ஏன் அதிகம் என்பதற்கு டயரைப் பார்க்க வேண்டும். போர்ஷே 911 கரேரா எஸ் காரின் 992 தலைமுறையில் முன்னால் 245, பின்னால் 305 மி.மீ. அகலம். சாலையில் 1 மி.மீ. தண்ணீர் நின்று வண்டி 100 கி.மீ. வேகத்தில் போனால், 305 மி.மீ. டயரின் பாதையில் நொடிக்கு ஏறத்தாழ எட்டரை லிட்டர் தண்ணீர் இருக்கும். 205 மி.மீ. டயருக்கு இது 5.7 லிட்டர். முன்டயர் பாதையைக் கொஞ்சம் துடைத்துவிடுகிறது என்றாலும், அதைவிட அகலமாக வெளியே நீளும் பகுதிக்குப் புதுத் தண்ணீர்தான் கிடைக்கும்.

போதாததற்குப் பின்சக்கரத்துக்கும் பம்பருக்கும் இடைவெளி குறைவு, டயருக்குப் பின்னால் தொங்கும் மட் ஃப்ளாப் கிடையாது. பின் பம்பருக்கு அடியில் மேல்நோக்கிச் சரியும் டிஃப்யூசர், அடிக்காற்றை மேல்நோக்கித் திருப்புவதற்காகவே வைக்கப்பட்டது, ஈரச் சாலையில் அது தூறலையும் சேர்த்தே தூக்கிக்கொண்டு வரும். இதற்காக டிஃப்யூசரைக் கழற்றாதீர்கள், பின் அச்சின் பிடிமானம் அதை நம்பியிருக்கிறது.

செய்யக்கூடியவை இவை. வீல் ஸ்பேசர் (சக்கரத்தை வெளியே தள்ளும் வட்டத்தகடு) போட்டு டயர் ஃபெண்டர் விளிம்பைத் தாண்டி வெளியே தெரிகிறதா என்று பாருங்கள், தெரிந்தால் அதை எடுத்துவிட்டாலே வித்தியாசம் தெரியும். சக்கரக் குழிக்குள் இருக்கும் பிளாஸ்டிக் லைனரும் அடித்தகடும் கிளிப் உடைந்து தொங்குகின்றனவா, பழைய சர்வீஸில் கழற்றிவிட்டுப் போடாமல் விட்டார்களா என்று லிஃப்டில் ஏற்றிப் பாருங்கள். டயருக்குப் பின்னால் சிறிய மட் ஃப்ளாப் போட்டால் ஓரளவு குறையும். ஆனால் டயரை விட்டு மிக அருகே வைக்காதீர்கள், சஸ்பென்ஷன் முழுதாக அமுங்கும்போது உரசும். முன்சக்கரத்துக்கும் சேர்த்துப் போடுவது நல்லது. முன்டயர் எறியும் கல் பின் ஃபெண்டரின் புடைப்பில்தான் அடிக்கும், 911-இல் அந்த இடத்தில் தொழிற்சாலையே தெளிபடலம் (பெயின்டைக் காக்கும் நிறமற்ற பிளாஸ்டிக் தாள்) ஒட்டித் தருவது அதற்காகத்தான்.

வளைவுப்பாதை

நன்றி. ஸ்பாய்லர் மாட்டி மேற்காற்றைக் கீழே திருப்பிவிட்டால் பின்பலகை கழுவப்படாதா?

காற்றுச்சுரங்கம்

பழைய அமெரிக்க ஸ்டேஷன் வேகன்களில் கூரையின் பின்விளிம்பில் அப்படி ஒரு தகடு இருந்தது. கண்ணாடியின் மேல்பகுதிக்கு உதவும், இழுவை கூடும். ஸ்போர்ட்ஸ் கார் ஸ்பாய்லர் நேர் எதிரான வேலைக்கானது. பின் அச்சில் தூக்குவிசையைக் குறைக்கவும், காற்று ஒழுங்காகப் பிரியவும் அது விளிம்பில் நிற்கிறது. அழுக்குக்காக அதன் கோணத்தை மாற்றுவது ஆபத்து.

சுழல் எங்கே தொடங்குகிறது என்று பார்க்க வேண்டுமானால் 6 செ.மீ. கம்பளி நூல்களைப் பின்கண்ணாடியிலிருந்து பம்பர் வரை டேப்பால் ஒட்டி, பொதுப் போக்குவரத்து இல்லாத பாதையில் பின்னால் வரும் வண்டியின் பயணியைப் படமெடுக்கச் சொல்லுங்கள். காற்று ஒட்டி ஓடும் இடத்தில் நூல் பின்நோக்கிப் படிந்து நிற்கும். பிரிந்த இடத்தில் துடிக்கும், மேலே கூடத் திரும்பும். அழுக்கின் எல்லைக்கோட்டோடு அது பொருந்தும்.

நுரைவாளி

தடுப்பது பாதிதான், மீதி கழுவும் முறையில் இருக்கிறது. இந்தப் படலத்தை உலர்ந்த துணியால் துடைக்கவே கூடாது. அது நுண்மணல், பெயின்டில் வட்டக் கீறலாக நின்றுவிடும்.

வண்டியின் உடல் சூடு ஆறியதும் ஃபோம் லான்ஸ் (பிரஷர் வாஷரில் மாட்டும் நுரைத்தெளிப்பான்) பாட்டிலில் ஷாம்பு தயாரிப்பாளர் சொன்ன அளவில் கலந்து, பின்பக்கத்தில் கீழிருந்து மேலாக அடியுங்கள். நான்கைந்து நிமிடம் ஊறட்டும், காயவிடாதீர்கள். பிரஷர் வாஷரை 30 செ.மீ.க்கு அப்பால் பிடித்து மேலிருந்து அலசுங்கள். பார்க்கிங் சென்சார், ஒட்டிய தெளிபடலத்தின் ஓரம் இரண்டையும் நேராகத் தாக்கவேண்டாம். பிறகு இரண்டு வாளி முறையில் (ஒன்றில் ஷாம்பு, மற்றதில் அலசும் தண்ணீர்) கைக்கழுவல். பின்பலகையைக் கடைசியாக, அதற்கென்று வைத்த தனி மிட்டால் (கழுவும் கையுறை) கழுவுங்கள். கரும்புள்ளி எஞ்சினால் அது தார், அதற்குத் தார் ரிமூவர் வேண்டும், ஷாம்பு போதாது. செராமிக் கோட்டிங் அழுக்கைத் தடுக்காது, எளிதாக விட்டுப்போகச் செய்யும், அவ்வளவுதான்.

சைலன்சர் முனையைச் சுற்றி மட்டும் உலர்ந்த கரி இருந்தால் அது வேறு கணக்கு. நேரடி எரிபொருள் இன்ஜெக்‌ஷன் பெட்ரோல் எஞ்சின், குளிர்ந்த நிலையில் குறுந்தூரம் ஓடும்போது கரி விடும். கரி ஈரமாக, எண்ணெய்ப்பிசுக்கோடு இருந்தால் எஞ்சின் ஆயில் எரிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

எல்.இ.டி. டெயில் லைட் உள்ளவர்கள் கவனிக்கவும். பழைய பல்பு கண்ணாடியைச் சூடாக்கிப் பனியை உருக்கும், இது உருக்காது. பனிப் பிரதேசத்தில் நீண்ட பயணத்தின் நடுவில் இறங்கித் துடைத்தாக வேண்டும். நம்பர் பிளேட்டும் அப்படியே. பிரிட்டனில் படிக்க முடியாத பிளேட்டுக்கு 1,000 பவுண்டு வரை அபராதம் உண்டு.

டயர்ப்பட்டை

முக்கியமான ஒன்று விட்டுப்போனது. தூசியைத் திருப்பிக் கொண்டுவரும் அதே சுழல் சைலன்சர் புகையையும் கொண்டுவரும். நீளமான சாமானுக்காக ஹேட்சைத் திறந்துவைத்து ஓட்டினால் கார்பன் மோனாக்சைடு கேபினுக்குள் நுழையும், அதற்கு மணம் கிடையாது. மூடியிருந்தும் உள்ளே புகை வாடை வந்தால் ஹேட்ச் ரப்பர், டெயில் லைட் கேஸ்கெட், ஒயர் நுழையும் துளையின் குரோமெட் (ரப்பர் வளையம்) மூன்றையும் சோதியுங்கள். ரப்பருக்கு நடுவில் காகிதத் துண்டை வைத்து மூடி இழுத்தால், தடையில்லாமல் உருவி வரும் இடம்தான் ஓட்டை. டிக்கிக்குள் ரப்பர் ஓரமாகத் தூசிக்கோடு தெரிந்தாலும் அங்கே காற்று நுழைகிறது என்று பொருள்.