எதிர்நீச்சல் ஈஸ்வரி அத்தனை நாள் வாய் திறக்காமல் இருந்தது உங்களுக்கு நம்பும்படி இருந்ததா?

திண்டுக்கல் மருமகள் கேட்டது:

அத்தைக்கு இடுப்பு எலும்பு முறிந்து இரண்டு மாதமாகப் படுக்கைதான். மத்தியானம் அவருக்குச் சோறு கொடுத்து, மாத்திரை கொடுத்து, அப்புறம் போனைத் தலையணையில் சாய்த்து வைத்து சன் டிவியில் வந்த எதிர்நீச்சல் தொடரின் முதல் பாகத்தை ஆரம்பத்திலிருந்து பார்க்கிறோம். ஒரு நாளைக்கு மூன்று எபிசோடு. அதற்குள் அவருக்குக் கண் சொருகிவிடும்.

2022 பிப்ரவரியில் தொடங்கியபோது ராத்திரி ஒன்பதரைக்குப் பாத்திரம் கழுவிக்கொண்டே பார்த்த தொடர் இது. அப்போது அந்த வீட்டையே அடக்கி ஆளும் மூத்த அண்ணன் ஆதி குணசேகரனைத் தவிர வேறு யாருமே என் கண்ணில் படவில்லை. அந்த வேடத்தில் மாரிமுத்து ஹாலில் வந்து உட்கார்ந்தாலே போதும், நம் வீட்டிலும் சத்தம் அடங்கிவிடும். இப்போது இரண்டாம் முறை பார்க்கும்போது என் கண் ஈஸ்வரி மேலேயே நிற்கிறது.

நான்கு மருமகள்களும் படித்தவர்கள். படித்த பெண்ணாகத் தேடிப் பிடித்துக் கட்டிக்கொண்டு வந்து அடுப்படியில் நிறுத்துவதுதான் அந்த வீட்டு வழக்கம். ஓரகத்திகள் மூன்று பேரும் ஏதோ ஒரு வழியில் கொட்டிவிடுகிறார்கள். நந்தினி பேசித் தீர்ப்பாள், ரேணுகா முறைப்பாள், ஜனனி நேராகக் கேட்டுவிடுவாள். குணசேகரனின் மனைவி, மூத்தவள் ஈஸ்வரி மட்டும் எதையும் வெளியே விடுவதில்லை. குணசேகரன் குரல் கேட்டதும் ஈஸ்வரியாக நடிக்கும் கனிஹா முதலில் கையில் இருப்பதைக் கீழே வைக்கிறார். அதற்கப்புறம்தான் முகத்தைத் திருப்புகிறார். அந்த ஒரு நொடியில் பதினைந்து இருபது வருடக் குடும்ப வாழ்க்கை தெரிகிறது. எனக்கு அது நடிப்பாகவே தெரியவில்லை.

இதே இயக்குநர் திருச்செல்வத்தின் கோலங்கள் தொடரில் தேவயானியின் அபி எதையும் மனதில் வைத்துக்கொள்ள மாட்டாள். அந்தப் பெண்ணை எழுதியவரே இவளையும் எழுதியிருக்கிறார்.

நான் பி.எட். முடித்தவள். கல்யாணமாகி ஆறு வருடம், வேலைக்குப் போகிறேன் என்று கேட்கவே இல்லை. யாரும் என்னை அடித்ததில்லை, திட்டியதும் இல்லை. கேட்கவில்லை, அவ்வளவுதான். ஏன் கேட்கவில்லை என்று இன்று வரை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அதனால்தான் இந்தக் கேள்வி. உங்களுக்கு ஈஸ்வரியின் மௌனம் நம்பும்படி இருந்ததா, அல்லது கதையை இழுப்பதற்காக வைத்ததாகத் தோன்றியதா?

வருசநாட்டுப் பையன்:

அக்கா, நம்பும்படி இருந்தது. ஆனால் அதில் பாதிக்கு மேல் மாரிமுத்துவுக்குச் சேர வேண்டியது. எங்கள் தேனிப் பக்கத்து ஆள் அவர். பேச்சில் அந்த இழுப்பு அப்படியே வரும். அவருடைய குணசேகரன் கத்துவதற்கு முன்னால் சிரிப்பார், பிரியமாகக் கூப்பிடுவார், சாப்பிட்டாயா என்று கேட்பார். அடுத்த வார்த்தை எப்படி வரும் என்று எதிரில் நிற்பவருக்குத் தெரியாது. என் பெரியப்பா அப்படித்தான். பெரியம்மா கதவுப் பக்கமே நின்றுகொண்டு பேசுவார். உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

2023 செப்டம்பர் 8-ஆம் தேதி, இதே தொடருக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோதுதான் அவருக்கு நெஞ்சுவலி வந்து இறந்துபோனார். ஊரே அன்றைக்கு ஒரு மாதிரி இருந்தது. அதற்கப்புறம் குணசேகரன் வேடத்துக்கு வேல ராமமூர்த்தி வந்தார். அவர் பெரிய எழுத்தாளர், மதயானைக் கூட்டம் படத்தில் அவரைப் பார்த்து மிரண்டிருக்கிறேன். குறை சொல்லவில்லை. ஆனால் அவருடைய குணசேகரனின் கோபம் முகத்திலேயே எழுதியிருக்கும். அப்படி ஒருவரிடம் ஒதுங்கி நிற்பதற்குக் காரணம் எல்லாருக்கும் தெரியும். சிரித்துக்கொண்டே அடக்குகிறவரிடம் ஏன் பயப்படுகிறோம் என்று வெளியில் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். ஈஸ்வரி வாயடைத்து நின்றது அந்த முதல் குணசேகரனுக்கு முன்னால்தான்.

மூன்றாவது மாடி:

எனக்கு நம்பும்படி இல்லை. வாரத்தில் ஆறு நாள் ஒளிபரப்ப வேண்டும் என்பதற்காக அவளை ஊமையாக்கி வைத்தார்கள் என்றே தோன்றியது. ஒரு கட்டத்தில் அவள் பேசப்போகிறாள் என்று வாரக்கணக்கில் புரோமோ காட்டி, கடைசியில் ஒரு வரியில் முடித்துவிட்டார்கள். எனக்கு அந்த வீட்டில் பிடித்தது நந்தினிதான். நந்தினியாக வரும் ஹரிப்பிரியா வாய் ஓயாமல் பேசுவாள், கணவன் கதிர் கை ஓங்குவான், அடுத்த நாள் காலையில் மறுபடி பேசுவாள். அடி விழும் என்று தெரிந்தே பேசுகிறவளைப் பார்க்கும்போதுதான் எனக்கு நெஞ்சு அடைத்தது.

பத்திரம் எழுதும் ஆபீஸ்:

நான் பத்தொன்பது வருடமாக ஒரு வக்கீல் ஆபீசில் டைப் அடிக்கிறேன். இந்தத் தொடரை நான் வேறு கண்ணால் பார்த்தேன். வீட்டில் எல்லாரையும் கத்திப் பேசி அடக்கிய குணசேகரன் ஆடிப்போனது எப்போது? அப்பத்தா பட்டம்மாள் பேரில் இருந்த நாற்பது சதவீதப் பங்கு கையை விட்டுப் போனபோது. அப்பத்தாவாக வந்த பம்பாய் ஞானம் குரலை உயர்த்தவே இல்லை. அவர் பேரில் பத்திரம் இருந்தது, அதனால் உயர்த்தத் தேவையும் இல்லை.

ஈஸ்வரி பேரில் என்ன இருந்தது? கணவன் உயிரோடு இருக்கும்வரை அவனுடைய பூர்வீகச் சொத்தில் மனைவிக்குப் பிறப்புரிமை கிடையாது. அவள் மகள் தர்ஷினிக்கு உண்டு, நாத்தனார் ஆதிரைக்கும் உண்டு. தமிழ்நாட்டில் 1989-லேயே கல்யாணமாகாத பெண்களுக்குச் சம பங்கு வந்தது. 2005 திருத்தத்தில் நாடு முழுக்க, கல்யாணமானவர்களுக்கும் சேர்த்து வந்தது. சுயமாகச் சம்பாதித்த சொத்து என்றால் கணக்கு வேறு, குணசேகரன் ஓயாமல் நான் உழைத்தது நான் உழைத்தது என்பதற்கு அர்த்தம் இருக்கிறது.

எங்கள் ஆபீசுக்கு வாரம் ஒரு அக்காவோ தங்கையோ, சொத்தில் தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வருவார்கள். அண்ணன் காரில் கூட்டி வருவார். என்ன எழுதியிருக்கிறது என்று படித்துக் காட்டவா என்று நான் கேட்பேன். வேண்டாம்மா, அண்ணன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்பார்கள். ஈஸ்வரியின் முகத்தை நான் அந்தப் பெஞ்சில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். நம்புகிறேன்.

திண்டுக்கல் மருமகள்:

எல்லாருக்கும் நன்றி. விடுதலைப் பத்திரம் பற்றிப் படித்ததும் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். நானும் அப்படி ஒன்றில் கையெழுத்துப் போட்டவள்.

மூன்றாவது மாடி சொன்னது போல எனக்கும் நந்தினியைப் பிடிக்கும். ஆனால் நந்தினிக்குப் பேச இடம் கிடைப்பது, மூத்தவள் குறுக்கே நின்று தாங்கிக்கொள்வதால்தான் என்று இப்போது தோன்றுகிறது. முன்பு நான் அதைக் கவனிக்கவில்லை.

இன்று மத்தியானம் உங்கள் பதில்களை அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். அண்ணன் காரில் கூட்டி வரும் இடத்தில் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். கொஞ்ச நேரம் விட்டத்தைப் பார்த்தபடி இருந்துவிட்டு, "அவ பேசுனா அன்னிக்கு ராத்திரி அந்த வீட்டுல ஒருத்தரும் சோறு திங்க மாட்டாக. பிள்ளைக பட்டினியாக் கிடக்கும். அதுக்குத்தான் பேசாம இருந்திருப்பா" என்றார்.

ஈஸ்வரியைத்தானா சொல்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. அடுத்த எபிசோடைப் போடச் சொன்னார். இன்னும் ஆதிரை கல்யாணத்துக்கே நாங்கள் வரவில்லை.