சுதா வளைகாப்பு: காரா, வேனா?

செல்வி அத்தை: ஞாயிறு காலை திருநெல்வேலிக்கு யார் யார் எந்த வண்டியில் வருகிறீர்கள்? இன்றைக்கே சொன்னால்தான் சாதத்துக்கு அளவு வைக்க முடியும்.

கார்த்திக் அண்ணன்: என் காரில் நாலு பேர் வரலாம். ஆறு மணிக்குக் கிளம்பினால் எட்டுக்கு அங்கே.

விஜி சித்தி: மதுரையிலிருந்து 160 கிலோமீட்டர். இரண்டு மணி நேரமா?

விஜி சித்தி: நான் வேன்

சங்கர் சித்தப்பா: வேன் வாடகை இந்தத் தடவையும் நாங்களேதானா?

செல்வி அத்தை: அதை அப்புறம் பேசலாமே

பிரியா: மாமா, குறுக்கே வருகிறேன். திங்கள் இயற்பியல் தேர்வு. மணிக்கு 72 கி.மீ. வேகத்தில் போகும் கார், பிரேக் போட்டதும் 5 மீ/வி² சீரான எதிர்முடுக்கம். எவ்வளவு தூரம் போய் நிற்கும்? எனக்கு 518 மீட்டர் வருகிறது

கார்த்திக் அண்ணன்: அரை கிலோமீட்டரா 😂

ரவி மாமா: 72-ஐ அப்படியே போட்டிருக்கிறாய் பிரியா. முடுக்கம் மீட்டர், விநாடியில் இருந்தால் வேகமும் அதே அலகில் வர வேண்டும். 72-ஐ 3.6-ஆல் வகு, 20 மீ/வி. நேரத்தைப் பற்றிக் கேள்வியில் பேச்சே இல்லை, அதனால் வி² = யூ² + 2ஏஎஸ் (யூ தொடக்க வேகம், வி கடைசி வேகம், ஏ முடுக்கம், எஸ் தூரம்). நிற்கும்போது வி சுழி. வேகம் குறைகிறது, ஆகவே ஏ மைனஸ் 5. 400-ஐ 10-ஆல் வகுத்தால் 40 மீட்டர். சரிபார்க்க வரைபடம் போடு. விநாடிக்கு 5 குறைந்தால் 20 தீர 4 விநாடி. வேகக் கோட்டுக்குக் கீழே ஒரு முக்கோணம் வரும், அதன் பரப்பு 4 × 20-இல் பாதி. அதே 40.

பிரியா: ஆமாம், அலகு 🙏

அம்மாச்சி: 🎤 குரல் செய்தி (1:12)

விஜி சித்தி: அம்மா என்ன சொல்கிறார்கள்? ஆபீஸில் இருக்கிறேன்

செல்வி அத்தை: தயிர்சாதம் வழியில் புளிக்காமல் இருக்கப் பால் ஊற்றிப் பிசையச் சொல்கிறார்கள். அப்புறம் கார்த்திக்கை மெதுவாக ஓட்டச் சொல்கிறார்கள்

கார்த்திக் அண்ணன்: எல்லோரும் என்னையே சொல்லுங்கள். நான்கு வழிச் சாலையில் 90-இல் போனால் என்ன? 72-க்கும் 90-க்கும் 18 தானே வித்தியாசம்

விஜி சித்தி: கயத்தாறு எருமை

கார்த்திக் அண்ணன்: சித்தி, அது முடிந்த கதை

ரவி மாமா: முடியவில்லை கார்த்திக். எருமையைப் பார்த்துக் கால் பிரேக்குக்குப் போக ஒரு விநாடி என்று வைத்துக்கொள். 72-இல் அந்த ஒரு விநாடியில் 20 மீட்டர் ஓடிவிடும், பிரேக் பிடித்தபின் 40, மொத்தம் 60. எருமை 60 மீட்டர் தள்ளி நின்றால் மூக்கை ஒட்டிக் கார் நின்றுவிடும். இப்போது 90, அதாவது 25 மீ/வி. முதல் விநாடியிலேயே 25 மீட்டர் போச்சு, மிச்சம் 35. அதே சமன்பாட்டில் 25-இன் வர்க்கம் 625, அதில் 2 × 5 × 35 = 350 கழித்தால் 275, வர்க்கமூலம் 16.6 மீ/வி, எருமையை எட்டும்போது உன் வேகம். மணிக்குக் கிட்டத்தட்ட 60 கி.மீ. 18 கூட்டினால் 18-இல் இடிப்பாய் என்று நினைக்காதே. 60-இல் இடிப்பாய்.

சங்கர் சித்தப்பா: 60-ஆ!

கார்த்திக் அண்ணன்: ஏபிஎஸ் இருக்கிறது மாமா

ரவி மாமா: நல்லதுதான். சக்கரம் இறுகிப்போகாது, பிரேக் போட்டபடியே ஸ்டீயரிங்கைத் திருப்பலாம். ஆனாலும் வேகம் இரட்டித்தால் பிரேக் தூரம் நாலு மடங்குதான்.

சங்கர் சித்தப்பா: மச்சான், வேன் இன்னும் கனம். நிற்க இன்னும் தூரமாகுமே?

ரவி மாமா: சமன்பாட்டில் நிறையே இல்லை பாருங்கள். கனம் கூடினால் டயருக்கும் சாலைக்கும் உள்ள உராய்வும் கூடும், இரண்டும் அடிபட்டுப்போகும். பிரேக் தாங்கும் வரைதான் இது. ஆள் நிரம்பிய வேனில் பிரேக்குக்கு வேலை அதிகம், சூடேறும். டிரைவரிடமும் 70 என்று சொல்லிவிட வேண்டும்.

விஜி சித்தி: இவர் வாடகையை மிச்சம் பிடிக்கக் கேட்கிறார் அண்ணா

சங்கர் சித்தப்பா: போன தடவை யார் தந்தார்கள் என்று குழுவிலேயே இருக்கிறது, தேடிப் பார்

செல்வி அத்தை: ஐந்து மணிக்குக் கிளம்பினால் எந்த வண்டியும் பறக்க வேண்டாம்

கார்த்திக் அண்ணன்: ஐந்தரை

கார்த்திக் அண்ணன்: 🚫 இந்தச் செய்தி நீக்கப்பட்டது

கார்த்திக் அண்ணன்: சரி, 80-ஐத் தாண்ட மாட்டேன்

விஜி சித்தி: 70

பிரியா: மாமா, அடுத்த கேள்வி. ஈரச் சாலை, எதிர்முடுக்கம் 2.5. அதே 72. தூரம் 80 மீட்டரா?

ரவி மாமா: 80 சரி. கால் பிரேக்குக்குப் போகும் விநாடியையும் சேர்த்தால் 100.

செல்வி அத்தை: ஞாயிறு மழை என்றார்களே?