ஸ்லாக் போல நாங்களும் மாறிவிடலாமா?

பின்னலாடை எழுதியது:

திருப்பூரில் நான்கு பேராக ஒரு சிறு மென்பொருள் நிறுவனம் நடத்துகிறோம். பனியன் யூனிட்டுகளுக்கான உற்பத்திக் கணக்குதான் எங்கள் தயாரிப்பு. கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் என்று எத்தனை பீஸ் எங்கே நிற்கிறது என்பதைத் திரையில் காட்டும். முதலாளிகள் பார்த்துவிட்டுத் தலையாட்டுகிறார்கள், சந்தாவும் கட்டுகிறார்கள். ஆனால் சூப்பர்வைசர் சில நாட்களிலேயே பழைய நோட்டுக்குத் திரும்பிவிடுகிறார்.

இதற்கிடையில், எங்களுக்கு வர வேண்டிய சந்தா பாக்கியை வாட்ஸ்அப்பில் நினைவூட்ட ஒரு சின்ன நிரல் எழுதியிருந்தோம். அந்தச் செய்தி கிடைத்த முதலாளிகள் சிலர், "இதை எங்கள் பார்ட்டிகளுக்கும் அனுப்பித் தருவீர்களா?" என்று கேட்கிறார்கள். அலுவலக அரட்டைச் செயலியான ஸ்லாக் இப்படித்தான் பிறந்தது, நாமும் உற்பத்திக் கணக்கை விட்டு இந்த நினைவூட்டலுக்கே உடனே மாறிவிடலாம் என்று கூட்டாளி ஒற்றைக்காலில் நிற்கிறார். என்ன செய்யலாம்?

பழைய நிரலர் எழுதியது:

உங்கள் கூட்டாளிக்குப் பாதிக் கதைதான் தெரிந்திருக்கிறது. ஸ்லாக்கை உருவாக்கிய ஸ்டூவர்ட் பட்டர்ஃபீல்டும் நண்பர்களும் 2009இல் டைனி ஸ்பெக் நிறுவனத்தைத் தொடங்கியது கிளிட்ச் என்ற இணைய விளையாட்டுக்காக. 2011 செப்டம்பரில் வெளியிட்டார்கள். இரண்டு மாதத்தில் மறுபடியும் சோதனை நிலைக்கே கொண்டுபோனார்கள். 2012 டிசம்பரில் மூடினார்கள். உலகமே கைப்பேசிக்கு நகர்ந்துகொண்டிருந்த நேரத்தில் அது கைப்பேசிக்கு ஒத்துவராத ஃபிளாஷ் என்ற உலாவித் தொழில்நுட்பத்தில் ஓடியது. உயிரைக் கொடுத்து ஆடிய ரசிகர்கள் இருந்தார்கள், ஆனால் தேவையான அளவுக்கு இல்லை. கையில் காசு இருக்கும்போதே மூடினார்கள் என்பதைக் கவனியுங்கள். ஆடியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தந்தார்கள், வேலை இழந்தவர்களுக்கு வேறு இடம் தேடிக் கொடுத்தார்கள். கதை சொல்பவர்கள் இந்தப் பகுதியை விட்டுவிடுகிறார்கள்.

ஐஆர்சி என்ற பழைய இணைய அரட்டை முறையின்மேல் தங்கள் வசதிக்காக அவர்கள் ஒட்டுப்போட்டுக்கொண்டே வந்த கருவிதான் பிறகு ஸ்லாக் ஆனது. அதையும் உடனே கடை விரிக்கவில்லை. தெரிந்த நிறுவனங்களைக் கெஞ்சிக் கூத்தாடிப் பயன்படுத்த வைத்தார்கள். ஆர்டியோ என்ற இசை நிறுவனத்தில் சிறு குழுவில் நுழைந்து எல்லோரிடமும் பரவியபோதுதான், தங்களுக்குப் பொருந்திய பலவும் பெரிய கூட்டத்துக்கு ஒத்துவரவில்லை என்று தெரிந்தது. திருத்தினார்கள். 2013 ஆகஸ்டில் அழைப்பு கேட்டு முதல் நாளே 8,000 பேர் பதிந்தார்கள். எல்லோருக்குமான வெளியீடு 2014 பிப்ரவரியில். உங்கள் கருவியை வெளியார் எத்தனை பேர் ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள்?

கணக்கர் எழுதியது:

இதில் இன்னொன்றும் இருக்கிறது. பட்டர்ஃபீல்ட் அதற்கு முன்பே ஃபிளிக்கர் என்ற புகைப்படப் பகிர்வுத் தளத்தை 2005இல் யாஹூவுக்கு விற்றவர். (ஃபிளிக்கரும் ஓர் இணைய விளையாட்டுக்காகச் செய்ததிலிருந்து பிறந்ததுதான். மனிதர் விளையாட்டு செய்யப் போனால் வேறு ஏதாவது விளைகிறது!) அவர் பாதை மாறினால் முதலீட்டாளர்கள் பொறுத்திருப்பார்கள். நமக்கு அடுத்த மாத வாடகை இருக்கிறது.

கருவியின் செலவையும் பாருங்கள். வாட்ஸ்அப்பில் நிறுவனங்கள் அனுப்பும் இத்தகைய செய்திகளுக்கு அதன் உரிமையாளரான மெட்டா கட்டணம் வாங்குகிறது. செய்தியின் வாசகத்துக்கு முன்கூட்டியே ஒப்புதல் பெற வேண்டும். பெறுபவர்கள் பிளாக் செய்தால் உங்கள் எண்ணின் மதிப்பு இறங்கும். பாக்கி கேட்டு வரும் செய்தியை பிளாக் செய்யாத பார்ட்டியை நான் இனிமேல்தான் பார்க்க வேண்டும்.

பழைய நிரலர் எழுதியது:

கணக்கர் சொல்வது சரி. மாறுவதற்கு முன் சூப்பர்வைசரின் அந்த நோட்டை ஒருமுறை வாங்கிப் பாருங்கள். ஜூசெரோ நினைவிருக்கிறதா? பழச்சாறு பிழியும் இயந்திரம், 2016இல் 699 டாலர். முதலீடாகத் திரட்டியது சுமார் 12 கோடி டாலர். 2017 ஏப்ரலில் புளூம்பெர்க் செய்தியாளர்கள் அந்தப் பழப் பொட்டலத்தை வெறுங்கையால் பிழிந்து காட்டினார்கள். செப்டம்பரில் கடை மூடியாயிற்று. இயந்திரத்தில் பழுது ஒன்றும் இல்லை. கை ஏற்கெனவே அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தது, அவ்வளவுதான். சூப்பர்வைசரின் கைக்கு நோட்டு என்ன செய்து தருகிறது என்று தெரியாமல் எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

பின்னலாடை எழுதியது:

இரண்டு யூனிட்டுகளில் நோட்டை வாங்கிப் பார்த்தேன். இடது பக்கத்தில் பீஸ் கணக்கு, அது எங்கள் திரையிலும் இருக்கிறது. வலது பக்கம் முழுக்கச் சிவப்புப் பேனா: எந்தத் தையல்காரர் எவ்வளவு அட்வான்ஸ் வாங்கினார், சனிக்கிழமை சம்பளத்தில் எவ்வளவு பிடிக்க வேண்டும், யார் பாதியில் வேறு யூனிட்டுக்குப் போய்விட்டார். எங்கள் மென்பொருளில் அட்வான்ஸுக்கு ஒரு கட்டம்கூடக் கிடையாது. சூப்பர்வைசருக்குச் சனிக்கிழமை அந்தப் பக்கம்தான் வேண்டும், அதனால் இரண்டு இடத்தில் எழுதுவானேன் என்று எங்களை விட்டுவிட்டார்.

பாக்கி நினைவூட்டல் கேட்ட முதலாளிகளிடம் முன்பணம் கேட்டேன். ஒருவர் அங்கேயே ஜிபேயில் போட்டார். மற்றவர்கள் இப்போதைக்கு இலவசமாகக் கொடுங்கள், பிறகு பார்க்கலாம் என்கிறார்கள். எனவே அட்வான்ஸ் பக்கத்தை முதலில் கட்டுகிறோம். பணம் தந்தவருக்கு மட்டும் நினைவூட்டலை ஓட்டிக் காட்டுகிறோம். அவரிடம் செய்திக்கு இவ்வளவு என்று வாங்குவதா, மாதச் சந்தாவா? இப்படி விற்றவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.