சாவ்... லோசாய்... யவ்யூ: கான்டனீஸ் (தென்சீன மொழி) தெரிந்தவர்கள் உதவவும், அவசரம்

குழம்பியவன்: ஆபீஸில் பக்கத்து சீட்டுக்காரர் காதருகே வந்து ஏதோ சொல்லிச் சிரித்தார். முதலில் 'சாவ்', நடுவில் 'லோசாய்', கடைசியில் 'யவ்யூ'. மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டால் கணவாய் மீன் வறுவல் என்கிறது. ஏதாவது பிரச்சினையா?

கவுலூன்வாசி: எந்த ஊர்? ஹாங்காங்கா, கோலாலம்பூரா? தன்னைப் பற்றிச் சொன்னாரா, உங்களைப் பற்றியா?

மீன்குழம்பு: சாப்பிடக் கூப்பிடுகிறார். உப்பும் மிளகும் போட்ட கணவாய் அங்கே எல்லாக் கடையிலும் உண்டு. போய் வாருங்கள்.

மொழிப்பித்தன்: கான்டனீஸில் ஆறு தொனி, ஏற்ற இறக்கம் மாறினால் பொருளே மாறும். அதைச் சொல்லாமல் தமிழில் எழுதிக் கேட்டால் எப்படி? கேட்கத் தெரிந்துகொண்டு கேளுங்கள் தம்பி.

கேஎல்மச்சான்: சாப்பாடு இல்லை, சீட்டு கிழிவது! இங்கே கோலாலம்பூரிலும் சொல்வார்கள். சூடு பட்டால் கணவாய் சுருளும். அந்தக் காலத்தில் வேலையாட்கள் முதலாளி இடத்திலேயே தங்குவார்கள். வேலை போனால் படுக்கையைச் சுருட்ட வேண்டியதுதான். அதிலிருந்து வந்தது என்பார்கள்.

மீன்குழம்பு: நான் வறுத்தால் சுருளுவதே இல்லை. ரப்பராகிறது.

கேஎல்மச்சான்: உள்பக்கம் குறுக்கும் நெடுக்கும் கீறினீர்களா?

மீன்குழம்பு: வெளிப்பக்கம்தானே கீறணும்?

கேஎல்மச்சான்: உள்பக்கம்!

கவுலூன்வாசி: சமையலுக்குத் தனி இழை போடுங்கள் ஐயா. 'சாவ்'வுக்கும் 'யவ்யூ'வுக்கும் நடுவில் யார் வருகிறாரோ அவரைத்தான் கழற்றிவிடுகிறார்கள். லோசாய் என்றால் முதலாளி. முதலாளியின் கணவாயை வறுத்தால், நாமே வேலையை விடுகிறோம் என்று பொருள். உங்களுக்கு வேலை போயிருந்தால் 'பெய் யன் சாவ்' என்பார், யவ்யூவே தேவையில்லை. சொல்லும்போது கடைசி 'யூ' மேலே ஏற வேண்டும்.

மொழிப்பித்தன்: பேச்சுக்கு மட்டும். ராஜினாமா கடிதத்தில் எழுதி வைக்காதீர்கள், அங்கே 'சி சிக்' (ராஜினாமா) என்றுதான் எழுத வேண்டும். மேலும் இது சீனாவின் பொதுமொழியான மாண்டரினிலும் இருக்கிறது. கான்டனீஸ் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

கேஎல்மச்சான்: கான்டனீஸிலிருந்துதான் அங்கே போனது.

மொழிப்பித்தன்: ஆதாரம்?

கேஎல்மச்சான்: நீங்கள் முதலில் காட்டுங்கள்.

கவுலூன்வாசி: கேட்டவர் எங்கே?

குழம்பியவன்: ஹாங்காங்தான். அவர்தான் வேலையை விடுகிறாராம், மேனேஜருக்கு இன்னும் தெரியாது. நன்றி.

மொழிப்பித்தன்: ஊரை முதலிலேயே சொல்லியிருக்கலாம்.