மிளகு மணக்காத மூக்கு: பரோசாவில் ஒரு நாள்

கடற்கரை வீதிக்காரன்:

போன கிழமை இங்கே ஒருவர் கேட்டிருந்தார், "வைன் தோட்டம் பார்க்கப் போறதெண்டால் பார்க்க ஏதும் இருக்கோ, இல்லாட்டி குடிச்சுப்போட்டு வாறது மட்டும்தானோ?" என்று. 2019 மார்ச்சில் மகளைப் பார்க்க அடிலெய்ட் போன இடத்தில் மருமகன் என்னையும் மனுசியையும் மகளோடு ஒரு நாள் பரோசா பள்ளத்தாக்கு என்கிற வைன் தோட்டப் பக்கம் அனுப்பி வைத்தார். அன்றைக்கு எங்கட இலங்கையில் போயா, பௌர்ணமி விடுமுறை, தவறணையெல்லாம் பூட்டு. நாங்கள் அங்கே காலை பத்து மணிக்கே கிளாசும் கையுமாக நின்றோம்.

நான் குடிக்காத மனுசன் இல்லை. நிலாவெளிப் பக்கம் பனையோலைப் பிளாவில் கள்ளு குடித்து வளர்ந்தவன்தான். ஆனால் வைன் என்றால் எனக்குத் தெரிந்தது, நத்தாருக்குப் பக்கத்து வீட்டு அன்ரி முந்திரிகை வத்தலும் சீனியும் ஈஸ்டும் போட்டுச் சாடியில் ஊறவைத்துத் தருகிற இனிப்புத் தண்ணி மட்டும்.

எட்டரைக்கு வரவேண்டிய வான் ஒன்பது பத்துக்குத்தான் வந்தது. மரக்கறிச் சாப்பாடு என்று மருமகன் இரண்டு தரம் எழுதியும் மனுசியின் தட்டில் பன்றி இறைச்சி. அந்த நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். ஆனால் றைவரும் வழிகாட்டியுமாக வந்த மனுசன் தங்கம். முன்னம் பீப்பாய் செய்கிற வேலை பார்த்தவராம்.

சொந்த வாகனத்தில் போகலாமே என்று கேட்பீர்கள். அங்கே முழு லைசன்ஸ் உள்ளவருக்கே இரத்தத்தில் 0.05 தான் எல்லை. நூறு மில்லிலீற்றர் சிவப்பு வைனை ஒரு அளவு மது என்று கணக்குப் பார்க்கிறார்கள். நாங்கள் போனது நாலு இடம். ஒவ்வொன்றிலும் ஐந்து வகை, ஊற்றுவது ஒரு தரத்துக்கு இருபத்தைந்து மில்லி என்று வையுங்கள். கூட்டினால் அரை லீற்றர். ஸ்டியரிங் பிடிக்கிறவர் துப்பத்தான் வேணும்.

துப்புவது பற்றிச் சொல்லாமல் விடக்கூடாது. முதல் இடத்தில் மேசையில் ஒரு வாளி வைத்திருந்தார்கள். மனுசி என் காதுக்குள், "இஞ்ச பாருங்கோ, அம்மம்மான்ர படிக்கம்!" என்றா. உண்மையில் படிக்கமேதான். நல்ல சட்டை போட்ட வெள்ளைக்காரர் எல்லாரும் கிளாசைச் சுழற்றி, மணந்து, வாய்க்குள் அங்கும் இங்கும் கொண்டுபோய், பிறகு வெட்கமே இல்லாமல் துப்பினார்கள். காசு குடுத்து வாங்கினதைத் துப்ப எனக்கு மனம் வரவில்லை. முதல் இரண்டு இடத்திலும் விழுங்கினேன். மூன்றாவது இடத்தில் எல்லா வைனும் ஒரே வைனாகிவிட்டது. அதற்குப் பிறகு நானும் படிக்கத்தைத் தேடினேன்.

முதலில் வெள்ளை, பிறகு சிவப்பு, கடைசியில் இனிப்பு, இதுதான் ஒழுங்கு. பழத்தின் சாறு பெரும்பாலும் நிறமில்லாதது, தோலோடு சேர்த்துப் புளிக்க விட்டால்தான் சிவப்பு இறங்கும் என்பதே எனக்குப் புதுசு. பரோசாவின் பெயர் பெற்ற சரக்கு ஷிராஸ், அதே பெயருள்ள திராட்சையில் செய்கிற சிவப்பு வைன். அதை ஊற்றிப்போட்டு வழிகாட்டி, "மிளகு மணக்குதா?" என்று கேட்டார். மகள் "ஓம்" என்றாள். மனுசிகூட ஓம். நான் மூக்கைக் கிளாசுக்குள் விட்டும் ஒன்றும் இல்லை. மிளகு ரசத்தில் வளர்ந்த எனக்கோ இந்த அவமானம்! பிறகுதான் மனுசன் சொன்னார்: மிளகிலும் ஷிராஸிலும் இருப்பது ஒரே பொருள்தான், ரொட்டண்டோன் என்று பெயர், அடிலெய்டில் உள்ள வைன் ஆராய்ச்சி நிலையத்தார்தான் ஷிராஸில் அதைக் கண்டுபிடித்தவர்கள், ஐந்தில் ஒருவருக்கு அது மணக்கவே மணக்காது என்று. அந்த ஒருவன் நான்.

கொடி வரிசைக்குள் காலை வைக்க விடமாட்டார்கள். பில்லொக்சரா என்று ஒரு பூச்சி, வேரைத் தின்னும். 1860களில் பிரான்சுக்குள் புகுந்து ஐரோப்பாத் தோட்டங்களில் பெரும்பகுதியை அழித்தது. தெற்கு அவுஸ்திரேலியாவுக்குள் அது இன்னும் வரவில்லை. சப்பாத்து மண்ணில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும் என்ற பயம். அந்தப் பூச்சி வராதபடியால்தான் அங்கே 1843இல் நட்ட ஷிராஸ் கொடி இன்றைக்கும் காய்க்கிறது. அடி மரம் முறுகிப்போய், நூறு வயதுக் கிழவரின் முழங்கால் மாதிரி. எங்கள் மலைநாட்டுக் கோப்பியை இலைத்துரு நோய் பிடித்தது 1869இல். அதே காலம். நாங்கள் தேயிலைக்கு மாறினோம்.

சாப்பாட்டுக்குப் பிறகு செப்பெல்ட்ஸ்ஃபீல்ட் என்கிற வைன் தோட்டம். வீதியின் இரண்டு பக்கமும் மரம் நிரையாக நிற்கக் கண்டு "பனையடி!" என்று கத்தினேன். பனை இல்லை, பேரீச்சை இனம். 1930களின் பொருளாதார மந்தத்தில் வேலையில்லாமல் நின்ற ஆட்களை வைத்து நட்டதாம். 1878இல் அந்தத் தோட்டத்து முதலாளி தன் நல்ல போர்ட் என்கிற இனிப்பு வைனில் ஒரு பீப்பாயை ஒதுக்கி, நூறு வருஷத்துக்கு ஒருவரும் தொடக்கூடாது என்று வைத்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் ஒரு பீப்பாய். இப்போது ஒவ்வொரு வருஷமும் நூறு வயது வைன் வெளியில் வருகிறது.

நாங்கள் பிறந்த வருஷத்துப் பீப்பாயிலிருந்தே எடுத்துத் தருவார்கள், அதற்குத் தனிக் காசு. என்னுடையது 1957. கிளாசின் அடியில் இரண்டு தேக்கரண்டி அளவுதான். கறுத்து, தடித்து, சாய்த்தால் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு மெதுவாக இறங்கியது. வாயில் வைத்தால் பனங்கட்டி, பேரீச்சம்பழம், பழைய அலுமாரி திறந்த மணம். அதை நான் துப்பவில்லை. காலையில் இறக்கின கள்ளு பின்னேரம் புளித்துவிடும், அடுத்த நாள் வினாகிரி. எங்களுக்குக் குடிவகை என்றால் அன்றைக்கே முடிக்க வேண்டியது. அங்கே ஒரு மனுசன் தான் ருசிபார்க்கவே முடியாத ஒன்றைப் பூட்டி வைத்துவிட்டுச் செத்துப் போயிருக்கிறார்.

அந்தப் பீப்பாய்க் கொட்டிலில் வழிகாட்டி ஓக் மரம் பற்றிப் பேசப் பேச எனக்குப் பொறுக்கவில்லை. எங்கட நாட்டுத் தென்னஞ்சாராயத்தைப் பதப்படுத்துவது ஹல்மில்ல மரத் தொட்டியில், இங்கிலீஷ்காரன் அந்த மரத்துக்கு வைத்த பெயரே திருகோணமலை மரம், நான் அந்த ஊர்க்காரன் என்றேன். பீப்பாய் வேலை செய்த மனுசன் கொப்பியை எடுத்து அந்தப் பெயரை எழுதிக்கொண்டார். அன்றைய நாளில் என் நெஞ்சு நிமிர்ந்த ஒரே இடம் அது.

திரும்பி வரும்போது 'குசுகுசுச் சுவர்' என்கிற அணைக்கட்டில் நிறுத்தினார். 1900களின் தொடக்கத்தில் கட்டி முடித்தது, வில் மாதிரி வளைந்தது. ஒரு முனையில் மெல்லமாகக் கதைத்தால் 140 மீற்றருக்கு அப்பால் மற்ற முனையில் கேட்கும். மனுசியை அங்கே விட்டுவிட்டு நான் இந்தப் பக்கம் வந்து காதைக் கொடுத்தேன். தோளில் கை வைத்துச் சொன்ன மாதிரிக் கேட்டது: "இண்டைக்குக் குடிச்சது காணும்."

மூதூர்–ரொறன்ரோ:

அண்ணை, நயாகராவுக்கு வந்தால் ஐஸ்வைன் பாருங்கோ. திராட்சையைக் கொடியிலேயே உறைய விடுவார்கள். குளிர் மைனஸ் எட்டுக்குக் கீழே போனால்தான் பிடுங்கலாம், சட்டம் அப்படி. பெரும்பாலும் நடுச்சாமத்தில். தண்ணீர் ஐஸாகப் பழத்துக்குள்ளேயே நிற்க, சீனிச்சாறு மட்டும் சொட்டுச் சொட்டாக வரும். ஒரு முறை குளிரில் நின்று பார்த்தேன். கை விறைத்தது, வாய் இனித்தது. போத்தல் சின்னன், விலை பெரிசு.

ஓர்ஸ்ஹில் ரீச்சர்:

நான் குடிப்பதில்லை, ஆனால் மகனோடு இப்படி ஒரு சுற்றுலா போனேன். குடிக்காத ஆள் என்று எனக்குத் திராட்சைச் சாறு தந்தார்கள், மரியாதையாக நடத்தினார்கள். ஒன்று சொல்ல வேணும். 2018 ஜனவரியில் எங்கட நாட்டில் பெண்களுக்கு மது விற்கக்கூடாது என்ற 1979இன் தடையை எடுத்தார்கள், சில நாளில் ஜனாதிபதி திரும்பவும் போடச் சொன்னார். அங்கே கவுண்டரில் ஊற்றிக் கொடுத்து விளக்கம் சொன்னது இருபத்தைந்து வயதுப் பிள்ளை ஒருத்தி. எனக்கு வாங்க விருப்பமில்லை என்பது வேறு விஷயம்.

உப்புவெளி ஹோட்டல் தம்பி:

அண்ணை, போத்தல் ஏதும் கொண்டு வந்தனீங்களோ? எங்கட வெக்கைக்குச் சும்மா அலுமாரியில வைச்சால் அவிஞ்சுபோகும். படுக்கவைச்சு, இருட்டில, குளிராய் வைக்கோணும்.

கடற்கரை வீதிக்காரன்:

ஐயோ தம்பி, ஒரு ஷிராஸ் மனுசியின்ர சேலைகளுக்குக் கீழ அஞ்சாறு வருஷமாய்க் கிடக்கு. இந்தச் சனிக்கிழமை பின்னேரம் வாரும். வைன் கிளாஸ் எங்களிட்ட இல்லை, தேத்தண்ணிக் கிளாஸ்தான். மிளகு மணக்குதோ எண்டு நீர் பார்த்துச் சொல்லும்.