யாழ்ப்பாணத்தில் மினியேச்சர் வார்கேமிங்: எந்தச் சண்டையிலிருந்து தொடங்கலாம்?

திருநெல்வேலிப்_பெடியன்

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் சனசமூக நிலையத்தின் பின் அறையில் ஞாயிறு பின்னேரங்களில் ஒரு சின்னக் கூட்டம் கூடும். செஸ், கரம் விளையாடுகிறவர்கள், பிளாஸ்ரிக் விமானம், கப்பல் ஒட்டுகிற இரண்டு மூன்று பேர், ஓ.எல்., ஏ.எல். படிக்கிற பிள்ளைகள், ஓய்வுபெற்ற ஐயா ஒருவர். இப்போது அதே இடத்தில் மினியேச்சர் வார்கேமிங் தொடங்கலாம் என்று கதை அடிபடுகிறது. அதாவது பழைய போர் ஒன்றை எடுத்து, அந்தக் காலத்துப் படைகளைச் சின்னப் பொம்மைகளாகச் செய்து, பெயின்ற் அடித்து, மேசையில் நிலம், ஆறு, வேலி எல்லாம் போட்டு, டைஸ் உருட்டி விதிப்படி விளையாடுவது. யூரியூப்பில் பார்த்துப் பெடியளுக்கு ஆசை நல்லாய்ப் பிடித்துவிட்டது.

எங்களிடம் இருப்பது ஒரு பழைய பிங்பொங் மேசை, கொஞ்சம் பெயின்ற், நிறைய ஆர்வம். காசு பெரிதாக இல்லை. எந்தக் காலத்துப் போர், என்ன அளவுப் பொம்மை, எந்த விதிகள் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். இரண்டு பெற்றோர் வந்து, "போரை விளையாட்டாக்கலாமோ தம்பி, அதுவும் இந்த ஊரிலை?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியை நான் தட்டிக்கழிக்க விரும்பவில்லை. அதையும் யோசித்துப் பதில் எழுதுங்கள்.

வட்டுக்கோட்டை_ரொறன்ரோ

தம்பி, நல்ல வேலை தொடங்குகிறீர்கள். நான் இங்கே ஒரு கிளப்பில் பல வருடமாக விளையாடுகிறேன், அதனால் முதலில் விதிகளைப் பற்றிச் சொல்கிறேன்.

புதிதாக வருகிற எல்லோருக்கும் வாட்டர்லூவில்தான் கண் போகும். 1815, நெப்போலியன், கலர் கலராகச் சீருடை, நூற்றுக்கணக்கில் ஆட்கள். தயவுசெய்து அதில் தொடங்காதீர்கள். பெயின்ற் அடித்து முடிக்கிறதுக்குள்ளே பாதிப் பேர் கழன்றுவிடுவார்கள், மிச்சப் பேருக்கு அலுத்துவிடும். சின்னதாகத் தொடங்குங்கள். டி.பி.ஏ. என்று ஒரு விதித்தொகுப்பு 1990இல் வந்தது, பழங்காலம், இடைக்காலம் இரண்டுக்கும் பொருந்தும். ஒரு பக்கத்துக்குப் பன்னிரண்டு அணிகள், அவ்வளவுதான். ஒவ்வொரு அணியும் ஒரு சின்ன அட்டையில் ஒட்டிய இரண்டு, மூன்று அல்லது நாலு பொம்மை. 15 மில்லிமீற்றர் பொம்மை என்றால் அட்டையின் அகலம் 40 மில்லிமீற்றர், இரண்டடிக்கு இரண்டடி இடம் போதும். உங்கள் பிங்பொங் மேசையில் ஒரே நேரத்தில் நாலைந்து ஆட்டம் ஓடும். ஒரு ஆட்டம் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விடயம், ஒவ்வொரு முறையும் ஒரு டைஸ் உருட்ட வேண்டும், அதில் எத்தனை விழுகிறதோ அத்தனை நகர்வுதான் கிடைக்கும். ஒன்று விழுந்துவிட்டது என்று வையுங்கள். இடப்பக்கத்தில் உங்கள் ஈட்டிக்காரர் பின்னுக்குத் தள்ளப்பட்டு நிற்கிறார்கள், வலப்பக்கத்தில் குதிரைப்படை ஒரு வேலையும் இல்லாமல் நிற்கிறது, நடுவில் வில்லாளரை மேட்டில் ஏற்ற வேண்டும், உங்களிடம் இருப்பதோ ஒரேயொரு கட்டளை. எதைக் கைவிடுவது? எங்கள் கிளப்புக்கு வந்த பதினைந்து வயதுப் பிள்ளை ஒன்று அந்த ஒற்றை டைஸைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் பேசாமல் இருந்தது. யூரியூப் வீடியோவில் இது தெரியாது.

சண்டை என்று வந்தால் இரண்டு பேரும் ஆளுக்கொரு டைஸ் உருட்டி, படைவகைக்குரிய எண்ணைக் கூட்டுகிறார்கள். குறைந்தவர் பின்வாங்குவார். எதிராளியின் எண்ணில் பாதிக்கு மேல் வரவில்லை என்றால் பெரும்பாலும் அந்த அணியே போய்விடும். நாலு அணி போய், அது எதிரி இழந்ததை விடவும் கூட என்றால் தோல்வி. சின்னப் பிள்ளையும் ஒரு பின்னேரத்தில் பிடித்துக்கொள்ளும்.

காசு இல்லையென்றால் 1/72 அளவு, அதாவது உண்மை ஆளின் எழுபத்திரண்டில் ஒரு பங்கு உயரமான, பிளாஸ்ரிக் பொம்மைப் பெட்டி பாருங்கள், ஒரு பெட்டியில் நாற்பது ஐம்பது உருவம் வரும். வெளியிலிருந்து வருகிற சொந்தக்காரரிடம் சொல்லிவிட்டால் பையில் இடமும் பிடிக்காது, பாரமும் இல்லை.

வரலாறு_ரீச்சர்

வட்டுக்கோட்டை அண்ணை சொன்னது சரி, வாட்டர்லூ வேண்டாம். ஆனால் எனக்கு வேறு காரணம் இருக்கிறது. சைக்கிளில் போய்ப் பார்க்கக்கூடிய நிலத்தில் நடந்த போர்கள் எங்களிடமே இருக்கும்போது பெல்ஜியத்துக்கு ஏன் போக வேண்டும்?

பிள்ளைகள் புறத்திணை படிக்கிறார்கள். வெட்சி சூடி ஆநிரை கவர்கிறார்கள், கரந்தை சூடி மீட்கிறார்கள், உழிஞை என்றால் மதிலை வளைப்பது, நொச்சி என்றால் மதிலைக் காப்பது, தும்பை என்றால் நேருக்கு நேர். பரீட்சைக்குப் பாடமாக்கிவிட்டு மறந்துபோகிற இந்தப் பட்டியல் அப்படியே ஒரு விளையாட்டுத் திட்டம். முதல் ஆட்டத்தை வெட்சி–கரந்தையாக வையுங்கள். பக்கத்துக்கு ஏழெட்டு ஆட்கள், நடுவில் கொஞ்ச மாடுகள். வெட்சிக்காரர் மாட்டைச் சாய்த்துக்கொண்டு மேசையின் தங்கள் விளிம்புக்குப் போக வேண்டும், மாடு ஆளை விட மெதுவாகத்தான் நகரும், கரந்தைக்காரர் துரத்தி வருவார்கள். மாட்டை விட்டுவிட்டுத் திரும்பி நின்று சண்டை பிடிப்பதா, ஓட்டிக்கொண்டே போவதா என்பதுதான் முழு ஆட்டமும். பொம்மை குறைவு, செலவு குறைவு, ஒருவர் வீட்டிலும் துக்கம் இல்லாத சண்டை.

அது பழகின பிறகு 1560. கோவாவிலிருந்து போர்த்துக்கேய அரசப் பிரதிநிதி கொன்ஸ்தந்தீனு த பிரகான்சா தானே கப்பற்படையோடு வந்து நல்லூரைப் பிடித்தார். யாழ்ப்பாண அரசை ஆண்ட சங்கிலி மன்னன் தலைநகரை விட்டுப் பின்வாங்கினான். அதோடு கதை முடியவில்லை. உடன்படிக்கை ஒன்று எழுதினார்கள், பிறகு சனம் எழுந்தது, போர்த்துக்கேயர் குடாநாட்டில் நிலைக்க முடியாமல் விலகி மன்னாரில் கோட்டை கட்டினார்கள். ஆகவே "நல்லூரைப் பிடித்தவன் வென்றான்" என்று விதி எழுதினால் வரலாறே பிழையாகிவிடும். சங்கிலி பக்கம் விளையாடுகிறவருக்கு, படையை உடையவிடாமல் மேசையின் தென்கிழக்கு மூலையால் வெளியே கொண்டுபோன அணி ஒவ்வொன்றுக்கும் புள்ளி கொடுங்கள். அப்போதுதான் அவர் அந்த மன்னன் யோசித்த மாதிரி யோசிப்பார். 1591இல் போர்த்துக்கேயத் தளபதி அந்திரே பூர்த்தாடோ வந்தபோது அப்போதைய மன்னன் கொல்லப்பட்டு, எதிர்மன்னசிங்கம் அரியணையில் ஏற்றப்பட்டான். 1619இல் பிலிப் த ஒலிவேரா இரண்டாம் சங்கிலியைப் பிடித்ததோடு அரசே முடிந்தது. ஒரே ஊர், மூன்று படையெடுப்பு, மூன்று விதமான முடிவு. ஏன் அப்படி என்று பிள்ளைகள் மேசையில் தேடட்டும்.

நிலத்தையும் கவனியுங்கள். ஐரோப்பிய விதிகளில் வெட்டவெளிதான் இயல்பு. இங்கே வேலி, ஒழுங்கை, பனங்கூடல். குதிரையும் பீரங்கியும் ஒழுங்கைக்குள் வரிசையாக நெரிபட்டுத்தான் போக வேண்டும்.

மூளாய்_அம்மா

நான் விளையாடுகிற ஆள் இல்லை. மகன் காட்டினான், வாசித்தேன், எழுதாமல் இருக்க முடியவில்லை.

95 ஒக்ரோபரில், சண்டைக்குப் பயந்து யாழ்ப்பாணத்தை விட்டு இடம்பெயர்ந்தபோது, கைக்குழந்தையோடு நாவற்குழிப் பாலத்தால் போன சனத்தில் நானும் ஒருத்தி. அந்தப் பெற்றோர் கேட்டதில் ஒரு பிழையும் இல்லை. அதற்காக வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. பிள்ளைகள் ரியூஷனும் போனுமாக இருக்கிற காலத்தில், நாலு பேர் ஒரு மேசையைச் சுற்றி இருந்து முகம் பார்த்துக் கதைப்பது நல்லதுதான். ஆனால் சில விடயத்தை முதல் நாளே எழுதி ஒட்டுங்கள். ஆள் இழந்த வீடு இன்றைக்கும் இருக்கிற எந்தப் போரும் அந்த மேசைக்கு வரக்கூடாது. எங்களுடையது மட்டுமில்லை, வேறு நாட்டில் இப்போது நடக்கிறதும்தான். பெடியள் கேட்பார்கள், "ஒருக்கால் மட்டும்" என்பார்கள், பெரியவர்கள் இளகக் கூடாது. குண்டுச் சத்தம், வெடிச் சத்தம் போனில் போட்டு விளையாட வேண்டாம். பக்கத்து வளவில் யார் இருக்கிறார்கள், அவர்களுக்கு என்ன ஞாபகம் வரும் என்று உங்களுக்குத் தெரியாது.

மற்றது, ரீச்சர் எழுதியதை வாசிக்கும்போது ஒன்று உறைத்தது. மேசையில் மன்னன் இருக்கிறான், படை இருக்கிறது, மாடு கூட இருக்கிறது. சனம் எங்கே? நல்லூரைப் பிடித்தபோது நல்லூரில் இருந்தவர்கள் எங்கே போனார்கள்? அதையும் போடுங்கள். போடாவிட்டால் பிள்ளைகள் போர் என்பது சும்மா படையும் படையும் மோதுவது என்றுதான் நினைப்பார்கள்.

பிரஷ்_பிடித்தவன்

அம்மா சொன்னதற்கு மேல் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை, முழுக்கச் சரி. நான் கைவேலை பற்றி மட்டும் எழுதுகிறேன்.

1/72 பிளாஸ்ரிக் மென்மையானது, வளையும், அதனால் பெயின்ற் உரியும். முதலில் சவர்க்காரத் தண்ணீரில் கழுவிக் காயவிடுங்கள், அச்சிலிருந்து வரும் எண்ணெய்ப் பசை போக வேண்டும். அப்புறம் வெள்ளைப் பைண்டர் பசையைத் தண்ணீரில் கலந்து மெல்லிதாக ஒரு பூச்சு, அதன் மேல் அக்ரிலிக். ஸ்ப்ரே அடிக்கிற யோசனை இருந்தால் ஒக்ரோபரிலிருந்து டிசம்பர் வரை மறந்துவிடுங்கள், மழைக்காலத்து ஈரத்தில் பூச்சு மணல் மாதிரிச் சொரசொரத்துப் போகும், முகமெல்லாம் அழிந்துவிடும். பிரஷால் பூசினால் எந்த மாதமும் பயமில்லை. ரெஜிபோமில் (சாமான் பெட்டிக்குள் வைத்து வருகிற வெள்ளை நுரைத் துண்டு) மேடு, மதில் செய்தால் அதன் மேல் நேரே ஸ்ப்ரே அடிக்கவே கூடாது, கரைந்து குழி விழும். முதலில் பைண்டரும் மணலும் பூசி மூடுங்கள்.

வேலிக்கு வெளிநாட்டுச் சாமான் ஒன்றும் வேண்டாம். கிழிந்த பனையோலைப் பாயை எடுத்து, ஒரு அங்குலத்துக்கும் குறைவான உயரத்தில் கீலம் கீலமாக வெட்டி, அட்டையில் நிமிர்த்தி ஒட்டுங்கள். அந்தப் பின்னல் இந்த அளவில் பார்க்க அச்சொட்டாகக் கிடுகு வேலிதான். பனைக்கு மூங்கில் குச்சி, தலைக்கு வட்டமாக வெட்டிய கடதாசியை விளிம்பிலிருந்து நடுவரைக்கும் கீறிக் கொஞ்சம் மடக்கி ஐந்தாறு அடுக்கு, அடியில் பழுத்த ஓலை தொங்குகிற மாதிரி ஒரு அடுக்கு மண்ணிறத்தில். வடலிக்குக் குச்சியே வேண்டாம், தலையை மட்டும் தரையில் ஒட்டுங்கள். மாடு களிமண்ணில் பிடிக்கலாம்.

ஒரே ஆள் எல்லாவற்றையும் செய்ய வேண்டாம். ஆளுக்கு ஒரு அணி பெயின்ற் அடிக்கக் கொடுங்கள். தான் அடித்த அணி மேசையில் நிற்கும்போது பிள்ளை தானாக வரும்.

வட்டுக்கோட்டை_ரொறன்ரோ

மூளாய் அக்காவின் கேள்வி எனக்கு இரவெல்லாம் மண்டைக்குள் நின்றது. நாங்கள் இங்கே விளையாடுவதில் சனம் அனேகமாக இல்லைதான், அது ஒரு குறைதான்.

செய்ய முடியும். சனத்தையும் அணிகளாகப் போடுங்கள், இரண்டு பக்கமும் அவர்களைத் தாக்கக் கூடாது, அவர்கள் ஒழுங்கையால் வெளியேறும்வரை அந்த வழியால் படை போக முடியாது. எத்தனை பேர் பத்திரமாக வெளியே போனார்கள் என்பதும் புள்ளியில் சேர வேண்டும், இரண்டு பக்கத்துக்கும்.

1658இல் ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்த யாழ்ப்பாணக் கோட்டையை முற்றுகையிட்டதற்கு இது இன்னும் பொருந்தும். வான் கூன்ஸின் ஒல்லாந்தப் படை முதலில் ஊர்காவற்றுறைக்கு எதிரே இருக்கிற கடற்கோட்டையை எடுத்தது, உள்ளே இருந்தவர்களுக்குக் குடிதண்ணீர் முடிந்ததுதான் காரணம். பிறகு யாழ்ப்பாணக் கோட்டையை வளைத்து மூன்று மாதத்துக்கு மேல் கிடந்தார்கள், ஜூனில்தான் கோட்டை பணிந்தது. நகரத்துச் சனமும் உள்ளே அடைந்திருந்தது. இதைப் பொம்மை வைத்து விளையாடினால் ஒரு சுவையும் இராது, மதிலைப் பார்த்துக்கொண்டு நிற்பதுதான். இதற்குப் பிரஷ்ய முறை நல்லது. ரைஸ்விற்ஸ் என்ற அதிகாரி 1824இல் வெளியிட்ட முறையில் நடுவர் ஒருவர் இருப்பார், உண்மையான நிலைமை அவருக்கு மட்டும்தான் தெரியும், இரண்டு பக்கமும் தங்களுக்குத் தெரியவந்ததை வைத்துக் கட்டளையை எழுதிக் கொடுப்பார்கள். கோட்டைக்குள்ளே ஒரு குழு ஒரு அறையில், வெளியே மற்றக் குழு இன்னொரு அறையில், ஒவ்வொரு சுற்றும் ஒரு கிழமை. அரிசி எவ்வளவு, கிணற்றில் தண்ணீர் எவ்வளவு, நோயாளி எத்தனை பேர், சனத்துக்கு எவ்வளவு கொடுப்பது. சண்டையே இல்லாமல் இரண்டு மணித்தியாலம் போகும், ஒருவரும் எழும்ப மாட்டார்கள்.

கவனிக்க ஒன்று: இப்போது நாங்கள் பார்க்கிற ஐந்து முனைக் கோட்டை ஒல்லாந்தர் பிறகு கட்டியது. 1658இல் இருந்தது போர்த்துக்கேயரின் நாற்சதுரக் கோட்டை. வரைபடம் போடும்போது மாறிப்போகக் கூடாது.

திருநெல்வேலிப்_பெடியன்

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு வருமென்று எதிர்பார்க்கவில்லை. கூட்டத்தில் வாசித்துக் காட்டினேன், முடிவு இதுதான்: வெட்சி–கரந்தையில் தொடங்குகிறோம், களிமண்ணில் மாடு பிடிக்கிற பொறுப்பு ஓ.எல். பிள்ளைகளுக்கு. அடுத்தது 1560, சனத்தின் அணிகளோடு. 1658 ஏ.எல். பரீட்சை முடிந்த பிறகு.

அம்மா, நீங்கள் சொன்னவற்றை அப்படியே எழுதிக் கதவில் ஒட்டியாயிற்று. கேள்வி கேட்ட அந்த இரண்டு பெற்றோரும் முதல் நாள் வந்து இருந்து பார்க்கிறோம் என்றார்கள், நீங்களும் வரலாம். ரீச்சர், நடுவராக இருக்க உங்களைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள், ஞாயிறு மூன்று மணி, வசதிப்படுமா?

ஒல்லாந்தருக்கு முந்திய நாற்சதுரக் கோட்டையின் வரைபடப் பிரதி யாரிடமாவது பெரிய அளவில் இருந்தால் சொல்லுங்கள், இணையத்தில் கிடைத்ததில் எழுத்து ஒன்றும் தெரியவில்லை.

வரலாறு_ரீச்சர்

மூன்றரைக்கு வாறேன், மூன்று மணிவரை வகுப்பு இருக்கிறது. வரைபடத்துக்கு யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் முதலில் கேட்டுப் பாருங்கள், நானும் தேடுகிறேன்.