அஞ்சு மாசமா ஜாப் மட்டும்தான்... பாக்ஸிங் ஜிம் மாறலாமா?

திருப்பாதிரிப்புலியூர், வயது 16

அண்ணன்களே, அக்காக்களே, ஒரு யோசனை வேண்டும். ஐந்து மாதமாகக் கடலூரில் ஒரு மாஸ்டரிடம் பாக்ஸிங் கற்றுக்கொள்கிறேன். ரிங் கிடையாது. சிமெண்ட் தரைமேல் மேட், இரண்டு பஞ்சிங் பேக், அவ்வளவுதான். இதுவரை ஜாப் (முன்னால் இருக்கும் கையால் நேராகக் குத்துவது), கிராஸ் (பின்னால் இருக்கும் கையால் குத்துவது), கால் நகர்த்துவது, ஸ்கிப்பிங். ஸ்பாரிங் (எதிரில் ஆளோடு மோதிப் பழகுவது) எப்போது என்று கேட்டால் "இன்னும் உன் கார்டு நிக்கலை" என்கிறார், அதாவது முகத்தைக் காக்கும் கைகள் இடத்தில் நிற்கவில்லையாம். என் நண்பன் புதுச்சேரியில் ஒரு ஜிம்மில் சேர்ந்து ஒரே மாதத்தில் ஸ்பாரிங் ஆரம்பித்துவிட்டான். அங்கே ரிங் இருக்கிறது, புது கிளவுஸ் தருகிறார்கள். பஸ்ஸில் போக வர இரண்டு மணி நேரம் ஆகும். வீட்டில் பேசி சம்மதம் வாங்கிவிடலாம். மாறலாமா? ஜிம் மாறியவர்கள் உங்களுக்கு என்ன நடந்தது என்று சொல்லுங்கள்.


அரியாங்குப்பம், வயது 20

தம்பி, உன் நண்பன் இருப்பது மாதிரி ஒரு இடத்தில்தான் நான் 15 வயதில் ஆரம்பித்தேன். கீழே உடற்பயிற்சிக் கூடம், மாடியில் பாக்ஸிங். ஆறு மாதப் பணத்தை மொத்தமாகக் கட்டச் சொன்னார்கள். அப்பா சீட்டுப் பணத்தில் எடுத்துக் கட்டினார். உள்ளே போனதும் ரிங்கைப் பார்த்தேன், கயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை.

மூன்றாவது வாரம் ஸ்பாரிங். அப்போது என் எடை 48 கிலோ. எதிரில் நின்ற அண்ணனுக்கு 60-க்கு மேல் இருக்கும். கொடுத்த கிளவுஸ் பேக் அடிப்பதற்கு வைத்திருந்த 10 அவுன்ஸ், உள்ளே பஞ்சு தட்டையாகிப் போனது. ஸ்பாரிங்குக்கு 14, 16 அவுன்ஸ் போட வேண்டும் என்பதெல்லாம் எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரியும். பல்லைக் காக்கும் மவுத்கார்டு இல்லை. தலைக்கவசம் ஒன்றே ஒன்று, அது அந்த அண்ணன் தலையில் இருந்தது. நான் ஜாப் போடக் கை நீட்டினேன். அடுத்தது ஞாபகம் இருப்பது மூக்கிலிருந்து சட்டையில் வழிந்த ரத்தம்தான். சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். கோச் போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். "பயம் போயிடுச்சு பாரு" என்று தோளில் தட்டினார்.

பயம் போகவில்லை, அன்றைக்குத்தான் வந்தது. இரண்டு நாள் தலைவலி இருந்தது. லைட்டைப் பார்த்தால் கண் கூசியது, சாப்பாடு இறங்கவில்லை. வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் நிறுத்திவிடுவார்களே என்ற பயம். இப்போது யாராவது சின்னப் பையன் இப்படிச் சொன்னால் கையைப் பிடித்து டாக்டரிடம் கூட்டிப் போவேன். தலையில் அடி வாங்கிய பிறகு தலைவலி, குமட்டல், கண் கூச்சம், மறதி இதில் எது வந்தாலும் அன்றோடு பயிற்சியை நிறுத்த வேண்டும். டாக்டர் சொல்லும் வரை கிளவுஸைத் தொடக்கூடாது. நான் நான்காவது நாளே திரும்பிப் போனேன். அப்பா கட்டிய பணம் வீணாகக்கூடாதே என்ற ஒரே காரணம். கிட்டத்தட்ட மூன்று மாதம் அங்கே அடி வாங்கினேன். கண்ணை மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பும் பழக்கம் அங்கே வந்ததுதான். அதை மாற்ற எனக்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது.

என்னை அங்கிருந்து வெளியே கொண்டுவந்தது ஒரு தற்செயல். காலையில் புதுச்சேரி கடற்கரைச் சாலையில் ஓடப் போவேன். ராத்திரியிலிருந்து காலை ஏழரை வரை வண்டிகளை விடமாட்டார்கள் இல்லையா, காந்தி சிலையிலிருந்து டூப்ளே சிலை வரை நிம்மதியாக ஓடலாம். அங்கே ஒரு மாஸ்டர் ஏழெட்டுப் பிள்ளைகளை வைத்து ஷேடோ பாக்ஸிங் (காற்றில் குத்திப் பழகுவது) சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். அதில் ஒரு பொடியன், பன்னிரண்டு வயது இருக்கும். அவனுக்கு எதிரில் ஒரு பெரிய பையனை நிறுத்தி, பெரியவனை அடிக்கவே விடவில்லை. சின்னவன் ஜாப் போட வேண்டும், பெரியவன் தடுக்க மட்டும் வேண்டும். சின்னவன் முகத்தைத் திருப்பிய உடனே மாஸ்டர் கை தட்டி நிறுத்தினார், கிட்டப் போனார், அவன் தாடையை விரலால் கொஞ்சம் கீழே இறக்கினார், "பாரு, இப்போ தெரியுதா?" என்றார். அவன் சிரித்தான். நான் ஓடாமல் அங்கேயே நின்றுவிட்டேன்.

மறு வாரமே சேர்ந்தேன். முதல் நாள் அவர் செய்தது என் கையைப் பார்த்ததுதான். மணிக்கட்டு வீங்கியிருந்தது. ராப் கட்டவே யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. நாலரை மீட்டர் துணியை எப்படிச் சுற்றுவது, கட்டை விரலில் எங்கே ஆரம்பிப்பது, விரல் முட்டிகளுக்கு மேல் எத்தனை சுற்று என்று அரை மணி நேரம் அதற்கே போனது. அப்புறம் இரண்டு மாதம் ஸ்பாரிங் என்ற பேச்சே இல்லை. உன்னை மாதிரியே எனக்கும் வெறுத்துப்போனது. திரும்பவும் வேறு இடம் பார்க்கலாமா என்று யோசித்தேன், உண்மையைச் சொல்கிறேன். ஆனால் ஒரு வித்தியாசம் கவனித்தேன். இங்கே "இல்லை" என்று சொன்னால் காரணமும் சொன்னார். "ஜாப் போட்டுட்டு கை கீழே விழுது, அது தாடைக்குத் திரும்பி வந்தா விடுறேன்." வந்தது, விட்டார். முதல் ஸ்பாரிங் ஒரு நிமிஷம், அதுவும் ஜாப் மட்டும்.

அதனால் தம்பி, உன் மாஸ்டர் "கார்டு நிக்கலை" என்று சொல்வது எனக்குக் குறையாகப் படவில்லை. ஆனால் கார்டு நிற்க நீ என்ன செய்ய வேண்டும் என்று அவர் காட்டுகிறாரா? அதைக் கேள். ஐந்து மாதம் கொஞ்சம் நீளம்தான், அதையும் ஒத்துக்கொள்கிறேன். புதுச்சேரி ஜிம்மையும் போய்ப் பார். சேருவதற்கு இல்லை, ஓரமாக உட்கார்ந்து ஒரு முழு வகுப்பைப் பார்க்க. சாம்பியனைப் பார்க்காதே. போன வாரம் சேர்ந்த பையன் யார் என்று கேட்டு, அவனுக்கு என்ன நடக்கிறது என்று மட்டும் பார்.


மஞ்சக்குப்பம், ஒரு அம்மா

என் மகளுக்கு 14 வயது. 2021-ல் பாக்ஸர் லவ்லினா டோக்கியோ ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கியதை டிவியில் பார்த்ததிலிருந்து அவளுக்கு இதே பேச்சு. பக்கத்திலேயே ஒரு மாஸ்டரிடம் சேர்த்தோம். நன்றாகச் சொல்லிக்கொடுப்பார், அதில் குறை இல்லை. ஆனால் அங்கே இவள் ஒருத்திதான் பெண். உடை மாற்ற இடம் இல்லை, வகுப்பு முடிய எட்டரை ஆகும். போன வருஷம் இன்னொரு இடத்துக்கு மாற்றினோம். அங்கே பெண் பிள்ளைகள் ஆறு பேர், தனி அறை, எல்லாம் சரி. ஆனால் சொல்லிக்கொடுப்பவர் வாரத்தில் பாதி நாள் வரமாட்டார், சீனியர் பசங்களே நடத்துவார்கள். ஒரே மாதத்தில் அவளே "அம்மா, எனக்கு ஒண்ணும் ஏறலை" என்றாள்.

சங்கடமாகத்தான் இருந்தது, ஆனாலும் பழைய மாஸ்டரிடம் திரும்பப் போய் நின்றேன். ஏன் போனோம் என்பதை அப்போதுதான் அவரிடம் சொன்னேன். அவர் கேட்ட கேள்வி இன்னும் மனதில் நிற்கிறது: "இதை ஏம்மா முன்னாடியே சொல்லலை?" காலை ஆறு மணி வகுப்புக்கு மாற்றினார். பக்கத்துப் பள்ளியில் பேசினார், இரண்டு பிள்ளைகள் வந்தார்கள். உடை மாற்றப் பக்கத்து வீட்டில் ஒரு அக்காவிடம் நானே கேட்டு ஏற்பாடு செய்துகொண்டேன். தம்பி, போவதென்றாலும் இருப்பதென்றாலும் உன் மாஸ்டரிடம் பேசாமல் செய்யாதே. நான் பேசாததால் என் பெண்ணுக்கு ஒரு மாதம் போனது.


முத்தியால்பேட்டை, வயது 53

நான் எண்பதுகளின் கடைசியில் ஆடியவன். இரண்டு வருஷத்தில் மூன்று இடம் மாறினேன். எனக்கு இடது கைப் பழக்கம். முதல் மாஸ்டர் வலது காலைப் பின்னால் வைத்து எல்லோரையும் போல நிற்கச் சொன்னார். இரண்டாமவர் சவுத்பாவாக, அதாவது வலது கால் முன்னால் வர, மாற்றினார். மூன்றாமவர் திரும்ப மாற்றினார். மூவருமே விஷயம் தெரிந்தவர்கள்தான். ஆனால் ரிங்கில் நிற்கும்போது கால் எதை நம்புவது என்று தெரியாமல் தடுமாறும். மாவட்டத்தைத் தாண்டி நான் ஜெயிக்கவில்லை. கோபத்தில் ஒரு தடவை, ஆசையில் ஒரு தடவை மாறினேன். மூன்றாவது தடவைதான் காரணத்தோடு மாறினேன், அதற்குள் நேரம் போய்விட்டது.

இன்னொன்று, கடலூர் பையன் என்பதால் சொல்கிறேன். புதுச்சேரி தனி யூனியன் பிரதேசம், அணித் தேர்வு தனி. நீ தமிழ்நாட்டுப் பள்ளியில் படித்துக்கொண்டு இங்கே பயிற்சிக்கு வந்தால், போட்டிக்கு எந்தப் பக்கம் போவாய் என்பதைச் சேருமுன் கேட்டுவிடு. 15, 16 வயது ஒரு பிரிவு, 17, 18 அடுத்த பிரிவு. அந்த வயது திரும்ப வராது.

அப்புறம் அந்த ஜிம்மில் ஒரே ஒரு கேள்வி கேள்: "தலையில் அடிபட்டு ஒருவன் விழுந்தால் எத்தனை நாள் உட்கார வைப்பீர்கள்?" போட்டியில் அப்படி நாக் அவுட் ஆனால் குறைந்தது 30 நாள் ஸ்பாரிங்கும் கூடாது என்பது விதி. இதைத் தெரியாமல் முழிக்கிற கோச்சிடம் என் பேரனை விடமாட்டேன்.


திருப்பாதிரிப்புலியூர், வயது 16

எல்லோருக்கும் நன்றி. சனிக்கிழமை புதுச்சேரி போய் ஓரமாக உட்கார்ந்து பார்த்தேன். ரிங் நன்றாக இருந்தது. புதிதாகச் சேர்ந்த பையனை முதல் ரவுண்டிலேயே இறக்கிவிட்டார்கள். உதடு கிழிந்தது. 30 நாள் கேள்வியைக் கேட்டேன், "அதெல்லாம் பெரிய போட்டிக்குத்தான்" என்றார்கள். என் நண்பனுக்கு அது தப்பாகத் தெரியவில்லை. வரும்போது பஸ்ஸில் அரியாங்குப்பம் அண்ணன் எழுதியதை அவனிடம் காட்டினேன். தவளக்குப்பம் தாண்டும் வரை பேசவில்லை.

திங்கட்கிழமை என் மாஸ்டரிடம் கார்டு நிற்க என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். என் வலது கையிடுக்கில் ஒரு டென்னிஸ் பந்தை வைத்தார். அது விழாமல் மூன்று ரவுண்டு ஜாப் போடச் சொன்னார். பதினோரு தடவை விழுந்தது. இன்று ஏழு தடவை.